பதினான்காம் பாடம்

இறந்தகாலம் பதினான்காம் பாடத்தில் வருகிறது.
நாங்கள் ஒன்பதில் இருக்கிறோம்.
அதுவரை தாம்பெரே நகரத்தில்
எனக்கு நேற்று என்று ஒன்று கிடையாது.

நான் மக்வாலா. ஜார்ஜியாவிலிருந்து வருகிறேன்.
நான் துடைக்கிறேன். பேருந்தில் போகிறேன்.
இன்று குளிராக இருக்கிறது.
இதைச் சொல்ல மொழியே தேவையில்லை,
பாடப்புத்தகத்தில் முதல் வாக்கியமே அதுதான்.

குத்தாயிசியில் பதினேழு வருடம்
மயக்க மருந்துப் பிரிவில் செவிலியாக இருந்தேன் என்று சொல்ல
‘இருந்தேன்’ வேண்டும்.
கைவசம் ‘இருக்கிறேன்’ மட்டுமே.
அதைச் சொன்னால் பொய்.
என் சான்றிதழ்கள் ஹெல்சிங்கியில் ஏதோ மேசையில் கிடக்கின்றன.
முத்திரை நீலமாக இருக்க வேண்டுமாம்.
என்னுடையது ஊதா.

எதிர்காலம் எத்தனையாம் பாடம் என்று கேட்டான்
சோமாலியாவிலிருந்து வந்த லிபான்.
பிர்யோ டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.
எங்கள் மொழியில் எதிர்காலம் இல்லை, என்றாள்,
நிகழ்காலத்தை வைத்தே ஒப்பேற்றிக்கொள்வோம்.
வகுப்பு சிரித்தது.
லிபான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

ஒத்தார் கோப்பையோடு எழுந்து நின்றால்
முப்பது பேர் உட்கார்ந்த மேசையும் வாயடைத்துப்போகும், எங்கள் ஊரில்.
செத்தவர்களை ஒரு வாக்கியத்தில் எழுப்புவான்,
அடுத்ததில் மாப்பிள்ளையைச் சிரிக்க வைப்பான்.
இங்கே கிடங்கில் பெட்டி அடுக்குகிறான்.
காலையில் ஒரு ‘மோய்’, போகும்போது ஒரு ‘மோய் மோய்’.
அமைதியான ஆள் என்று
அவனுக்கு நல்ல பெயர்.

மகன் சாந்த்ரோவுக்கு எல்லாக் காலமும் தெரியும்.
கடையில் நான் வாயைத் திறந்தால்
ரொட்டி அடுக்கைப் பார்க்கத் திரும்பிக்கொள்கிறான்.
வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.
வாய் அவனுடையது,
பிழைப்பு எங்களுடையது.

ஜனவரி. நான்காம் மாடி. அதிகாலை மூன்று இருபது.
ஏழாம் அறைக் கதவு பாதி திறந்திருந்தது.
முகமூடி கழுத்துக்கு நழுவிய ஒரு மனிதர்.
திரையில் எண்பத்தொன்று.
துடைப்பத்தைச் சுவரில் சாய்ப்பதற்குள் எழுபத்தெட்டு.
கூப்பிட்டேன். எந்த மொழியில் என்று நினைவில்லை.
இரண்டு விரலால் தாடையைத் தூக்கி
முகமூடியைப் பொருத்திப் பிடித்தேன்.
விரல்களுக்கு இலக்கணம் தேவைப்படவில்லை.
எண்பத்தைந்து. தொண்ணூறு.
தொண்ணூற்று நான்கில் ஹென்னா ஓடி வந்தாள்.

அவர் மூச்சு விடுகிறார், என்றேன்.
ஒரு பிழையும் இல்லாத வாக்கியம்.
அவள் என் ரப்பர் கையுறையைத்தான் பார்த்தாள்,
மஞ்சள், கழிப்பறைக்கானது.

மறுநாள் மேற்பார்வையாளர் ஒப்பந்தத்தின் ஆறாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்:
துப்புரவுப் பணியாளர் நோயாளியைத் தொடக்கூடாது.
அவள் குரலை உயர்த்தவில்லை, காபிகூடக் கொடுத்தாள்.
அவள் சொன்னது சரிதான்.
குத்தாயிசியில் நானும் இதையே சொல்லியிருப்பேன்,
இன்னும் சத்தமாக.
மூன்று தடவை ‘ஆம்’ என்றேன்.
சொல்லியிருப்பேன் என்பது எந்தப் பாடத்தில் வருமோ.

ஞாயிற்றுக்கிழமை அக்கா நானுலி அழைக்கிறாள்.
ஆஸ்பத்திரியில் வேலை, என்று ஒருமுறை சொன்னேன்,
அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.
தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.
பக்கத்து வீட்டுக்காரி தன் மகளையும் அனுப்பப்போகிறாளாம்,
என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்கிறாளாம்.
நிறுத்தத்தில் நின்றபடி
காலணியால் பனியைத் தட்டினேன்.
வெகுநேரம் தட்டினேன்.

நீ எப்போது வருவாய், என்றாள்.
எங்கள் மொழியில் எல்லாக் காலமும் இருக்கிறது,
தேவைக்கு மேலேயே இருக்கிறது.

பேருந்து வருகிறது, என்றேன்.